சிவப்பு நூலில் இருபத்து நான்கு எண்கள்

1969 ஜனவரி 13, திங்கட்கிழமை. மார்கழி கடைசி நாள். காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். காற்றின் ஈரத்தை அளக்க வாசல் சுவரில் தொங்கவிட்டிருந்த இரண்டு வெப்பமானிகளையும் டார்ச் அடித்துப் பார்த்து, உலர்ந்ததன் அளவையும் ஈரத்துணி சுற்றியதன் அளவையும் நோட்டில் எழுதினேன். கிணற்றடியில் குளித்து, ஆறு மணிக்குக் காப்பி குடித்தேன். ஆறேகாலுக்கு சைக்கிளின் இரண்டு டயருக்கும் காற்றடித்தேன். பொங்கல் விடுமுறை தொடங்கிவிட்டதால் கோயமுத்தூர் ரயிலைப் பிடிக்க வேண்டிய அவசரம் இல்லை. என் மனைவி வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் காப்புக் கட்டுவதற்காக வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றும் ஒரு கூடையில் வந்து கிடந்தன. எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கு முந்தின நாள் இவற்றைச் சேர்த்துக் கட்டிக் கூரையில் செருகுவார்கள். அதற்குள் வீடு, கடை, குடோன் எல்லாம் சுத்தமாகிவிட வேண்டும். அழுக்கோ கறையோ பட்ட எதையும் தை மாதத்துக்குள் கொண்டுபோகக் கூடாது.

அன்று செய்ய வேண்டியவற்றை முந்தின நாளே டைரியில் எழுதி வைத்திருந்தேன். மாதிரிகளை எடுத்து வருவது, பிரித்துச் சரிபார்ப்பது, துணிப்பையில் வைத்துத் தைப்பது, அரக்கு வைப்பது, மாலை நான்கு மணிக்குள் தபால் ஆபீசில் பதிவு செய்வது. பத்து வருடம் கழித்து இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். கடைசி வரிக்கு எதிரே மட்டும் சரி போட்ட குறி இருக்கிறது.

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது பத்து மாதம். கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். மாணவர்கள் வருமுன் கண்ணாடிச் சில்லுகளைத் துடைத்து வைப்பது, அவர்கள் போனபின் எண்ணி அடுக்குவது, நடுவில் வெங்காயத் தோலை உரித்து மைக்ராஸ்கோப்பில் காட்டுவது. பதினொரு வருடமாக இதுதான் வேலை. சொந்தமாக ஏதாவது பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் ஐந்து மணிக்கு அட்டெண்டர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்து நிற்பார்.

டெல்லியில் ஓர் அறிவியல் மன்றம், உயிரியலில் ஆராய்ச்சி தொடங்கும் இளைஞர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை பரிசு கொடுத்து வந்தது. பரிசு என்று பெயரே தவிர, எனக்கு அது இரண்டு வருட விடுதலை. வகுப்பு கிடையாது. நல்ல ஆய்வுக்கூடம் ஒன்றில் ஓர் இடம் கிடைக்கும், டாக்டர் பட்டத்துக்குப் பதிந்துகொள்ளலாம். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கக் கூடாது. எனக்கு மார்ச்சில் முப்பத்தைந்து முடிகிறது. அடுத்த வருடம் என்று ஒன்று எனக்கு இல்லை. பிரின்சிபாலும் தெளிவாகச் சொல்லியிருந்தார்: அது வந்தால் என்னை விடுவிப்பார், வராவிட்டால் இந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது.

என் ஆராய்ச்சி பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மழைக் காலத்தில் அடுக்கி வைத்த பனியன்களில் கறுப்பும் பச்சையுமாகப் புள்ளி விழும். ஊரில் பூசணம் என்பார்கள். ஈரத்தால் வருகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். புள்ளிகள் பெரும்பாலும் அட்டைப் பெட்டியின் மூலை படும் இடத்தில் தொடங்குவதை நான் கவனித்திருந்தேன். பெட்டிகளை மைதா மாவுப் பசை காய்ச்சி ஒட்டுவார்கள். பூஞ்சை முதலில் பசையில் பிடித்து அங்கிருந்து துணிக்குப் பரவுகிறது என்பது என் ஊகம். அதைச் சோதிக்க ஒரு மழைக்காலமும் ஒரு குடோனும் வேண்டும்.

குடோனைக் கொடுத்தவர் எங்கள் ஊர் ராயபுரத்தில் பனியன் கம்பெனி வைத்திருந்த ஒரு பாய். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"பூசணத்த ஒழிச்சுக் குடுத்தீங்கன்னா இந்தக் குடோனையே உங்க பேருக்கு எழுதி வெச்சுருவனுங்க சார். ஆனா ஒண்ணு. கம்பெனி பேரு மட்டும் எங்கியும் வரப்படாதுங்க. அப்பறம் பூசணக் கம்பெனின்னே ஊர்ல பேரு வெச்சுருவானுக."

அந்த வாக்கை இன்றுவரை காப்பாற்றுகிறேன்.

அவர் கொடுத்த இரண்டு டஜன் செகண்ட்ஸ், அதாவது சிறு குறையால் கழிக்கப்பட்ட பனியன்களில் ஒரு டஜனைப் பசை ஒட்டிய பெட்டிகளிலும், இன்னொரு டஜனைப் பசையே படாமல் வெறும் காடாத்துணியிலும் சுற்றி, ஒரே அலமாரியில் ஒரே தட்டில் வைத்தேன். ஒவ்வொரு பனியனின் அடி மடிப்பிலும் சிவப்பு நூலில் எண் தைத்தேன், ஒன்றிலிருந்து இருபத்து நான்கு வரை. வெள்ளைத் துணியில் சிவப்புத்தான் சட்டென்று தெரியும். ஓர் அட்டையில் 'தொட வேண்டாம்' என்று இங்கிலீஷில் பெரிதாக எழுதி அலமாரியில் மாட்டினேன். அக்டோபர் முதல் ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் போய்ப் பெட்டிகளைத் திறந்து, புள்ளிகளைக் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்தேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அந்தப் படங்களை மையிட்டுப் பிரதி எடுப்பாள். அவள் கை என் கையைவிட நிதானம்.

டிசம்பர் கடைசிக்குள் விஷயம் தெளிவாகிவிட்டது. பெட்டியில் இருந்தவை எல்லாவற்றிலும் கறை, அதுவும் பசை பட்ட மூலையிலிருந்து புறப்பட்டு. காடாத்துணியில் இருந்தவற்றில் மூன்றில் மட்டும், அதுவும் தாமதமாக. கறையைச் சுரண்டிக் கல்லூரி மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கண்ணாடிச் சில்லுகளும் செய்து வைத்திருந்தேன். சில்லில் இன்ன பூஞ்சை என்று தெரியும். அது எந்த மூலையிலிருந்து புறப்பட்டது என்பது துணியில்தான் தெரியும். விண்ணப்பத்தோடு மாதிரிகளை இணைக்க வேண்டும் என்று மன்றம் கேட்டிருந்ததும் அதனால்தான். இருபதாம் தேதிக்குள் டெல்லியில் இருக்க வேண்டும். செவ்வாயும் புதனும் பொங்கல் விடுமுறை. ஆகவே திங்கட்கிழமையே தபாலில் சேர்த்தாக வேண்டும்.

ஒரே ஒரு சனிக்கிழமைதான் நான் குடோனுக்குப் போகவில்லை. ஜனவரி 11. அன்று கோயமுத்தூரில் விண்ணப்பத்தை டைப் அடிக்கக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை எட்டு நாற்பதுக்குக் கம்பெனி வாசலில் சைக்கிளை நிறுத்தினேன். சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். உள்ளே செக்கிங் பிரிவில் பெண்கள் ஆறேழு பேர் நின்று கடைசி டஜன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. நெசவுக் குடும்பம். தறியை விட்டுக் கம்பெனிக்கு வந்து பல வருடம் ஆகியிருந்தது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்க மாலை போட்டிருந்தார். எல்லோரும் அவரை அக்கா என்றார்கள். சனிக்கிழமைகளில் நான் குடோனில் இருக்கும் நேரம் அவர் வீட்டுக்குப் போயிருப்பார். அதனால் அதுவரை நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

குடோனில் என் தட்டு காலியாக இருந்தது. துடைத்து, கோலப்பொடியில் ஒரு நட்சத்திரம்கூடப் போட்டிருந்தார்கள். நான் வெளியே வந்து கேட்பதற்குள் அந்த அம்மா இரண்டு புதுப் பெட்டிகளைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார்.

"உங்குளுதுங்களா சார்? டெல்லிக்குப் போகுதுன்னு மொதலாளி சொன்னாருங்க. எல்லாம் ரெடிங்க."

பெட்டியைத் திறந்தேன். பன்னிரண்டு பனியன்கள், பால் மாதிரி. இன்னொரு பெட்டியிலும் பன்னிரண்டு. நீலம் போட்டு, கேலண்டர் உருளையில் அழுத்தி, மடிப்புக் கலையாமல் இருந்தன.

"சனிக்கெழமை குடோன் கழுவுறப்பத்தானுங்க பாத்தேன்," என்றார் அவர். "பூசணம் புடிச்சு ஒரே கருகருன்னு இருந்துதுங்க. இதயெப்புடி டெல்லிக்கு அனுப்பறது? நம்ம கம்பெனி மானம் போயிருமல்ல? ரெண்டு தடவ பிளீச்சிங் பவுடர்ல ஊறப் போட்டு, கற இருந்த எடத்தத் தேச்சனுங்க. மொத தடவைக்கு அசையிலீங்க."

"நம்பர்?" என்றேன். "சிவப்பு நூல்ல நம்பர் தைச்சிருந்ததே?"

"எல்லாம் பிரிச்சுப்போட்டனுங்க. ஒரு ஓட்ட கெடையாது, பாருங்க."

பின்னால் நின்ற ஒரு பெண் சொன்னாள்: "சாரு பனியனுக்கு மருதாணி வெச்சிருந்தாருங்க அக்கா, நாம அழிச்சுப்போட்டோம்." எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார். பாராட்டை எதிர்பார்க்கிற முகம்.

அப்போது நான் சொன்னதை டைரியில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். மாற்றி எழுதலாமா என்று அன்றைக்கே யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். "படிக்காதவங்க இருக்கற எடத்துல வெச்சதுக்கு என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்." இதுதான் நான் சொன்னது. மூன்று மாத வேலை, என் வயது, கடைசி வாய்ப்பு எல்லாவற்றையும் கூடவே சொன்னேன். குரலை உயர்த்திச் சொன்னேன்.

சிரிப்பு நின்றது. அந்த அம்மா கையிலிருந்த பெட்டிகளை மேஜைமேல் வைத்தார். மூடியைச் சரியாகப் பொருத்தினார்.

"செவப்பு நூல் போட்டா பழுதுன்னு அர்த்தமுங்க," என்றார் மெதுவாக. "இங்க அப்புடித்தானுங்க. செவப்பு நூல் கண்டா தெச்சு, வெளுத்து, நூலப் பிரிச்சு அனுப்பிருவோமுங்க. நீங்க இருவத்திநாலுலயும் செவப்புப் போட்டிருந்தீங்க. இருவத்திநாலும் பழுதுன்னு நெனச்சுட்டேன்."

நான் சுற்றிப் பார்த்தேன். மேஜைமேல் கிடந்த பனியன் குவியலில் அங்கங்கே சிவப்பு நூல் முடிச்சுகள். மூன்று மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்த மேஜையைத் தாண்டித்தான் குடோனுக்குப் போயிருக்கிறேன். பூஞ்சையின் வித்துக்கூட்டில் எத்தனை அறை என்று எண்ணியவன், இதைப் பார்க்கவில்லை.

அந்த அம்மா இன்னும் ஒன்று கேட்டார். "டெல்லிக்கு எம்மேல தப்புன்னு எழுதீருவீங்களா சார்? மொதலாளிகிட்டயும் சொல்லீருவீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. அதுவும் டைரியில் இருக்கிறது.

முதலாளியிடம் சொல்ல வேண்டியே இருக்கவில்லை. சத்தம் கேட்டு அவரே ஆபீஸ் அறையிலிருந்து வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாவை ஏதோ திட்டப் போனவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தி, என்னை உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்தார். டீ வரவழைத்தார்.

"சார், மனசத் தளர விடாதீங்க. பூசணத்துக்கா பஞ்சம்? எங்க மச்சான் குடோன்ல போன மழைக்கு ஒரு மூட்டையே பூத்துப்போய்க் கெடக்குது. அர மணி நேரத்துல ரெண்டு டஜன் கொண்டாரச் சொல்றேன். நம்பரத் தெச்சுக்கோங்க. கற கறதானுங்க. டெல்லிக்காரங்க வந்து, நீ எந்தக் குடோன்ல பொறந்தேன்னு பூசணத்துகிட்டப் பேர் கேக்கப் போறாங்களா?"

நான் சிரிக்கவில்லை. மறுக்கவும் இல்லை. அரை மணிகூட ஆகவில்லை, பழைய வேட்டி ஒன்றில் கட்டிய மூட்டை வந்து சேர்ந்தது. கறை பிடித்தவையும் பிடிக்காதவையும் கலந்து இரண்டு டஜன். அதோடு வெளுத்த பனியன்கள் இருந்த இரண்டு பெட்டிகளையும் என் கேரியரில் கட்டினார்கள். நான் கிளம்பும்போது அந்த அம்மா செக்கிங் மேஜையில் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

வீடு வந்தபோது பதினொன்று பத்து. மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கையிலிருந்த விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்து மூட்டையைப் பார்த்தாள். ஊசியில் சிவப்பு நூலைக் கோத்து என்னிடம் கொடுத்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. என் பழைய படங்களைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, எந்தக் கறை எந்தப் படத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்று பார்த்துப் பார்த்து எண் கொடுத்தேன். கறைகள் உண்மையானவைதான். இதுவும் பசைப் பெட்டியில் இருந்த துணியாகத்தான் இருக்கும். முடிவும் உண்மை, நான் என் கண்ணால் பார்த்தது. நடுவில் ஒரு கண்ணி மட்டும் போய்விட்டது, அதை இன்னொரு கண்ணியால் ஒட்டுகிறேன். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டே ஏழு எண்கள் தைத்துவிட்டேன்.

எட்டாவதை எடுத்தபோது மனைவி படக்கட்டிலிருந்து ஒரு தாளை உருவினாள்.

"ஏனுங்க, பதினொண்ணாம் நம்பருக்குக் கழுத்துகிட்டக் காது மாதிரி ஒரு கற இருக்குமே. அதெங்கீங்க?"

"அது இதுல இல்ல."

"அப்ப?"

"படத்த மாத்திக்கலாம்."

அவள் தாளைப் பார்த்தாள். "கற இருக்கற பதினஞ்சையுமுங்களா?"

"வேற வழியில்ல."

"தேதி?"

"தேதி அப்படியே இருக்கட்டும்."

தாளைப் படக்கட்டில் அது இருந்த இடத்திலேயே செருகினாள். "நான் மை போட மாட்டனுங்க," என்றாள். "கோவத்துல சொல்லுலீங்க. நீங்க வேணும்னாப் போட்டுக்குங்க. எனக்கு அந்தக் காது ஞாபகத்துல இருக்குது. நவம்பர்ல சின்னதா இருந்துச்சு, அப்பறம் வாரா வாரம் பெருசாச்சு. அத இல்லீன்னு எங்கையால வரைய முடியாதுங்க."

சொல்லிவிட்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

நான் அந்த எட்டாவது பனியனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டைரியில் 12.25 முதல் 1.05 வரை 'ஒன்றும் செய்யவில்லை' என்று எழுதியிருக்கிறேன். என் டைரிகளில் அப்படி வேறு ஒரு இடம் கிடையாது. நாற்பது நிமிடமும் ஒன்றேதான் யோசித்தேன்: டெல்லியில் யாருக்கும் தெரியாது. முதலாளி சொல்ல மாட்டார். மனைவி சொல்ல மாட்டாள். இரண்டு வருடம் கழித்து டாக்டர் பட்டத்தோடு வந்தால் யாரும் என்னை வெங்காயத் தோல் உரிக்கச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த இரண்டு வருடமும் நான் எந்தப் படத்தை வரைந்தாலும், இது பார்த்து வரைந்ததா, பொருத்தி வரைந்ததா என்று முதலில் நானே என்னைக் கேட்க வேண்டியிருக்கும். அதற்குப் பதில் சொல்ல என்னிடம் இருந்தது இந்த நோட்டு ஒன்றுதான். அதையும் இன்று திருத்திவிட்டால் பிறகு எதைக் காட்டுவது?

ஒன்று ஐந்துக்கு ஊசியால் எண்களைப் பிரிக்கத் தொடங்கினேன். சுலபமாக இல்லை. பின்னல் துணியில் நூலை இழுத்தால் கண்ணி ஓடும். முதல் பனியனில் ஒன்று என்ற எண்ணைப் பிரிப்பதற்குள் ஒரு சின்ன ஓட்டை விழுந்துவிட்டது. ஏழையும் பிரித்து முடித்தபோது நான்கு ஓட்டைகள். எழுந்து போய் வெளுத்த பனியன்களின் பெட்டியைத் திறந்து, அடி மடிப்பு ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இருபத்து நான்கிலும் ஓர் ஓட்டை இல்லை. நான் தைத்த தடயமே இல்லை. அந்த அம்மா எத்தனை நேரம் குனிந்திருப்பார் என்று அப்போதுதான் கணக்கிட்டேன்.

கறை போயிருந்தாலும், பசை மூலை பட்ட இடத்தில் துணி நைந்திருப்பது விரல் பட்டதும் தெரிந்தது. ஒரு கணம் மனம் துள்ளியது. ஆனால் நைய வைத்தது பூஞ்சையா, கறை போகத் தேய்த்ததா என்று சொல்ல வழியில்லை. கறையே படாத ஒரு பனியனை அதே பவுடரில் ஊற வைத்து அதே அளவு தேய்த்து ஒப்பிட்டிருக்க வேண்டும். அதற்கு நேரம் இல்லை. அதை விண்ணப்பத்தில் சேர்க்கவில்லை.

இரண்டு மணிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியது இது: மாதிரிகள் வைக்கப்பட்டிருந்த இடத்தில் ஒரு தொழிலாளியின் அறியாமையால் அவை வெளுக்கப்பட்டுவிட்டன. படித்துப் பார்த்தேன். டெல்லிக்காரர்களுக்கு இது போதும், என்மேல் அனுதாபமும் வரும். ஆனால் இது நடந்ததல்ல. அந்த இடத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாமல் இருந்தது. தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். நான் இங்கிலீஷில் எழுதியதன் தமிழ் கிட்டத்தட்ட இப்படி வரும்:

'மாதிரிகளில் விண்ணப்பதாரர் சிவப்பு நூலால் அடையாளம் இட்டார். அவை வைக்கப்பட்டிருந்த இடத்தில் சிவப்பு நூல் என்பது பழுது நீக்கி வெளுக்க வேண்டிய துணிக்கான குறி. விண்ணப்பதாரர் அதை முன்கூட்டி விசாரிக்கவில்லை. பணியாளர்கள் தங்கள் முறைப்படி எல்லாவற்றையும் வெளுத்துவிட்டனர். ஆகவே மாதிரி எதுவும் இணைக்கப்படவில்லை. இணைத்துள்ள படங்களும் தேதிகளும் அதற்கு முன் எடுக்கப்பட்டவை, மாற்றப்படாதவை.'

மனைவியிடம் அர்த்தம் சொன்னேன். "தப்பு உங்க மேலன்னே எழுதிட்டீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். படங்களை எண்ணிக் கவரில் வைத்தாள். பதினொன்றாம் எண்ணின் படங்களை மட்டும் ஒரு முறை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள்.

மூன்று ஐம்பதுக்குத் தபால் ஆபீசில் பதிவு செய்தேன். பார்சலாகப் போக வேண்டியது ஒரு கவராகப் போயிற்று. குமாஸ்தா அனுப்புநர் விலாசத்தைப் பார்த்தார். கீழே 'சென்னை ராஜ்யம்' என்று எழுதியிருந்தேன்.

"இன்னைக்கே வந்தீங்க, தப்பிச்சீங்க," என்றார். "நாளைக்கிருந்து நம்ம ராஜ்யத்துப் பேரு தமிழ்நாடுங்க. லீவு முடிஞ்சு வந்திருந்தீங்கன்னா அடிச்சுத் திருத்தியிருக்கணும்."

அடித்துத் திருத்துவதைப் பற்றி அன்று அதற்குமேல் கேட்க எனக்குத் தெம்பில்லை. ரசீதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஏப்ரலில் பதில் வந்தது. மாதிரிகள் இல்லாததால் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலவில்லை என்று இரண்டு வரி. கையெழுத்துக்குக் கீழே யாரோ பென்சிலால் 'படங்கள் மிக நன்றாக உள்ளன' என்று எழுதியிருந்தார்கள். அதற்குள் எனக்கு வயது முடிந்திருந்தது. இன்றும் அதே கல்லூரியில்தான் இருக்கிறேன், அதே பதவியில். அட்டெண்டர் மட்டும் மாறியிருக்கிறார். அடுத்த மழைக்காலத்திலும் அதற்கடுத்ததிலும் சோதனையைத் திரும்பச் செய்தேன். இரண்டு முறையும் கறை பசை மூலையிலிருந்துதான் புறப்பட்டது. கம்பெனியில் பசை காய்ச்சும்போது இப்போது பூஞ்சை பிடிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்க்கிறார்கள். அந்தப் பென்சில் வரியை மனைவியிடம் காட்டினேன். கடிதத்தை வாங்கித் துணி அலமாரியில் அவள் புடவைக்கு அடியில் வைத்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமைக்கே திரும்புகிறேன். சூரியன் இறங்கும் நேரத்தில் காப்புக் கட்டினோம். நான் ஸ்டூலில் ஏறிக் கூரையில் செருக, மனைவி கீழே நின்று எடுத்துக் கொடுத்தாள். முதலாளி கொடுத்த கறைத் துணி மூட்டை கூடத்தில் கிடந்தது. காப்புக் கட்டுமுன் அதை வெளியே எடுத்து வைக்கச் சொன்னாள். வைத்தேன். ஏழரைக்குச் சாப்பிட்டோம். டைரியை எழுதி முடிக்கும்போது, காலையில் செக்கிங் மேஜையருகே நான் சொன்ன வார்த்தைகளை எழுத வேண்டிய இடம் வந்தது. எழுதினேன். அந்த அம்மா கேட்ட கேள்வியையும், நான் பதில் சொல்லவில்லை என்பதையும் எழுதினேன். அடுத்த நாள் செய்ய வேண்டியவை என்ற இடத்தில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டுப் படுத்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து வெப்பமானிகளைக்கூடப் பார்க்காமல் குளித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். வழியில் விசாரித்துப் போனேன். அந்த அம்மாவின் வீடு நொய்யல் ஆற்றுக்குப் போகும் சந்தில், ஒரு லைன் வீட்டில், மூன்றாவது. வாசலில் மூன்று கல் கூட்டிப் பொங்கல் பானை வைக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். நெற்றியில் விபூதி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று முந்தானையைச் சரிசெய்தார்.

"டெல்லிக்கு எழுதியாச்சுங்க," என்றேன். "தப்பு என்மேலன்னு எழுதியிருக்கேன். நேத்து நான் பேசுனது ரொம்பத் தப்புங்க."

"பொங்க நோம்பியும் அதுவுமா அதெல்லாம் எதுக்குங்க," என்றார். ஆனால் என்னை உட்காரச் சொல்லவில்லை. அதற்கு எனக்கு வருத்தம் இல்லை.

நோட்டையும் பென்சிலையும் எடுத்தேன். "அடுத்த மழைக்கு மறுபடி செய்யப் போறேங்க. எந்தக் கலர் நூல் போட்டா நீங்க தொட மாட்டீங்க?"

அவர் கையில் இருந்த விறகைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "செவப்பு பழுதுக்குங்க. நீலம், அளவு தப்புனதுக்கு. மஞ்ச, ஊசி முறிஞ்சு கண்ணி போனதுக்கு. பச்சைக்கு எங்ககிட்ட வேல இல்லீங்க. பச்ச போடுங்க. யாரும் தொட மாட்டாங்க."

எழுதிக்கொண்டேன். சைக்கிளைத் திருப்பும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"சார், அந்த அட்டையில இங்கிலீசுல எதோ எழுதி மாட்டியிருந்தீங்களே. அடுத்த வாட்டி தமிழ்ல எழுதுங்க. எனக்குப் படிக்கத் தெரியுமுங்க."

சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, அதையும் நோட்டில் எழுதினேன். மணி ஆறு பத்து.